வீடு முழுக்க ஒரே பாட்டு, ஒரே நேரத்தில்: ஸ்னாப்காஸ்ட் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

ஹாலில் ஓடும் பாட்டைச் சமையலறை ஸ்பீக்கருக்கும் அனுப்புவது பெரிய காரியமில்லை. அதற்கு எத்தனையோ வழி இருக்கிறது. அதே பாட்டு மூன்று அறைகளிலும் ஒரே சமயத்தில் ஒலிக்க வேண்டும், ஒரு அறையிலிருந்து இன்னொன்றுக்கு நடந்து போனாலும் காதில் இரட்டைக் குரல் விழக்கூடாது என்று கேட்டால்தான் வேலை கடினமாகிறது. ஏனென்றால் அப்போது ஒலியை அனுப்பினால் மட்டும் போதாது, நேரத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும்.

இந்த வழிகாட்டி அந்த இரண்டாவது வேலைக்கானது. ஸ்னாப்காஸ்ட் என்ற திறமூல மென்பொருளும், அறைக்கு ஒரு சின்னக் கணினியும், உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் ஸ்பீக்கர்களும் போதும். லினக்ஸ் டெர்மினலில் ஒரு ஃபைலைத் திறந்து திருத்தத் தெரிந்தால் தாராளமாகச் செய்துவிடலாம்.

முதலில், சிக்கல் எங்கே இருக்கிறது

ஒவ்வொரு சவுண்ட் கார்டிலும் ஒரு குவார்ட்ஸ் படிகம் இருக்கிறது. வினாடிக்கு 48,000 சாம்பிள் (ஒரு கணத்தில் எடுத்த ஒலி அளவு) என்று கணக்கு வைத்துக்கொள்வது அதுதான். ஆனால் எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. இரண்டு கார்டுகளுக்கும் இடையே பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விலை குறைந்த கார்டுகளில் இது சாதாரணம். நிமிடத்துக்கு 3 மில்லிவினாடி, ஒரு மணி நேரத்தில் 180 மில்லிவினாடி விலகிவிடும். ஒன்றாகச் சாவி கொடுத்த இரண்டு கடிகாரங்கள் மாதக் கடைசியில் வேறு வேறு மணி காட்டுவது போலத்தான். ஆகவே இரண்டு ஸ்பீக்கர்களையும் ஒரே நொடியில் தொடங்கி வைத்தால் போதும் என்ற எண்ணம் எடுபடாது. பாட்டு ஓடும்போதே யாராவது தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

ஸ்னாப்காஸ்ட் செய்வது இதைத்தான். சர்வர் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் மேலும் தன் நேரத்தைக் குறித்து அனுப்புகிறது. ஒவ்வொரு அறையிலும் உள்ள கிளையண்ட், சர்வரிடம் அடிக்கடி நேரம் கேட்டு, தன் கடிகாரம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று கணக்கிட்டுக்கொள்கிறது. சர்வர் குறித்த நேரத்தோடு 1000 மில்லிவினாடியைக் கூட்டி, சரியாக அந்தக் கணத்தில் அந்தத் துண்டை ஒலிக்கிறது. கொஞ்சம் பின்தங்கினால் ஒரு சாம்பிளை விட்டுவிடும், முந்தினால் ஒன்றைக் கூடுதலாகச் சேர்க்கும். ஒரு சாம்பிள் என்பது சுமார் 0.02 மில்லிவினாடிதான், காதுக்குத் தெரியாது. கிளையண்டுகள் சர்வரின் நேரத்தையே பின்பற்றுவதால், அவற்றின் சொந்தக் கடிகாரம் தப்பான மணி காட்டினாலும் கவலையில்லை.

அந்த 1000 மில்லிவினாடிதான் பஃபர். நீங்கள் பொத்தானை அழுத்திய பிறகு பாட்டு கேட்க ஒரு வினாடி ஆகும். இந்தத் தாமதத்தை ஒப்புக்கொண்டால்தான் மற்றதெல்லாம் கூடிவரும். வைஃபை நடுவில் அரை வினாடி திணறினாலும் கையிருப்பில் இருக்கும் ஒலியை வைத்துக் கிளையண்ட் சமாளித்துவிடும்.

எவ்வளவு துல்லியம் தேவை என்பதையும் பார்த்துவிடுவோம். ஒலி வினாடிக்கு 343 மீட்டர் போகிறது, அதாவது ஒரு மில்லிவினாடிக்கு 34 சென்டிமீட்டர். 10 மீட்டர் தள்ளி இருக்கும் ஸ்பீக்கரின் ஒலி, காற்றில் வருவதற்கே 29 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஆகவே வேறு வேறு அறைகளில் இருக்கும் ஸ்பீக்கர்களுக்கு ஒன்றிரண்டு மில்லிவினாடி பிசகு ஒரு பொருட்டே இல்லை. ஆனால் ஒரே அறையில் இடது ஸ்பீக்கருக்கு ஒரு கிளையண்ட், வலதுக்கு இன்னொன்று என்று பிரித்தால் கதை வேறு. ஒரு மில்லிவினாடிக்கும் குறைவான வித்தியாசமே பாடகரின் குரலை நடுவிலிருந்து ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். ஸ்டீரியோ ஜோடி என்றால் இரண்டையும் ஒரே கிளையண்டில் இணையுங்கள். இதில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

வேறு வழிகள் இருக்கிறதே?

இருக்கிறது. புளூடூத் பெரும்பாலும் ஒரு போனுக்கு ஒரு ஸ்பீக்கர் என்ற கணக்கில் வேலை செய்வது. சுவர்கள் குறுக்கே வந்தால் திணறும். டிஎல்என்ஏ என்ற வீட்டு நெட்வொர்க் முறை மூலம் ஒரு கருவிக்குப் பாட்டு அனுப்பலாம், பல கருவிகளை நேரப்படி கோப்பது அதன் வேலையில்லை. ஆப்பிளின் ஏர்பிளே 2 பல அறைகளுக்கு அருமையாக வேலை செய்யும், ஆனால் அதற்கான ஸ்பீக்கர்களைத் தனியாக வாங்க வேண்டும். லினக்ஸின் ஒலி மென்பொருளான பல்ஸ்ஆடியோவில் ஆர்டிபி மல்டிகாஸ்ட் என்ற வழி உண்டு, ஒரே பாக்கெட்டைப் பல கருவிகளுக்கும் சேர்த்து அனுப்புவது அது. கேபிளில் நன்றாகவே ஓடும். வைஃபையில் மல்டிகாஸ்ட் பாக்கெட்டுகள் குறைந்த வேகத்தில், வந்து சேர்ந்ததா என்று கேட்காமலே அனுப்பப்படுவதால் பாட்டும் விட்டுவிட்டு வரும், மற்ற கருவிகளின் இணையமும் படுத்துவிடும். ஸ்னாப்காஸ்ட் ஒவ்வொரு கிளையண்டுக்கும் தனித்தனியாக, வந்து சேர்ந்ததா என்று உறுதி செய்யும் டிசிபி மூலம் அனுப்புவதால் அந்தத் தொல்லை இல்லை.

நெட்வொர்க்கில் பாட்டு ஓட்டும் பழைய ஸ்குவீஸ்பாக்ஸ் பெட்டிகள் வைத்திருப்பவர்கள் மட்டும் லிரியன் மியூசிக் சர்வர் பக்கம் போகலாம். அந்தப் பெட்டிகளின் தயாரிப்பு 2012-லேயே நின்றுவிட்டாலும், மென்பொருளை ஆர்வலர்கள் இன்றும் உயிரோடு வைத்திருக்கிறார்கள்.

என்னென்ன வேண்டும்

சர்வருக்கு, எப்போதும் இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு லினக்ஸ் கணினி. பழைய லேப்டாப் போதும், ராஸ்பெர்ரி பை 4 என்ற உள்ளங்கை அளவுக் கணினி போதும். பெரிய வேலை ஒன்றும் அதற்கு இல்லை. ஒரே நிபந்தனை, அதை ரவுட்டரில் கேபிள் மூலம் இணையுங்கள். சர்வரும் வைஃபை, கிளையண்டும் வைஃபை என்றால் ஒவ்வொரு பாக்கெட்டும் காற்றில் இரண்டு முறை பயணம் செய்கிறது, நெரிசலும் இரட்டிப்பாகிறது.

ஒவ்வொரு அறைக்கும் ஒரு ராஸ்பெர்ரி பை. ஜீரோ 2 டபிள்யூ இந்த வேலைக்கு அளவாக இருக்கும், ஆனால் அதில் ஹெட்போன் ஜாக் இல்லை. பை 5-லும் இல்லை. பை 4 வரையிலான பெரிய பலகைகளில் ஜாக் உண்டு, ஆனால் அமைதியான இடங்களில் மெல்லிய இரைச்சல் கேட்கும். ஒரு சின்ன யுஎஸ்பி டிஏசி (டிஜிட்டல் ஒலியை ஸ்பீக்கருக்கான அனலாக் சிக்னலாக மாற்றும் கருவி), அல்லது பையின் பின்களில் நேரடியாகச் செருகும் டிஏசி பலகை வாங்கிவிடுங்கள். மொத்த அமைப்பில் காசுக்கேற்ற பலன் கண்கூடாகத் தெரிவது இந்த ஒரு பொருளில்தான்.

ஸ்பீக்கர் எதுவாக இருந்தாலும் சரி, ஆம்ப்ளிஃபையர் உள்ளே இருக்க வேண்டும் அல்லது தனியாக இருக்க வேண்டும். சத்தம் இல்லாதபோது தானாகத் தூங்கிவிடும் ஸ்பீக்கராக இருந்தால், அந்த வசதியை அணைக்க முடிகிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் முதல் பாட்டின் தொடக்கம் காணாமல் போகும்.

சர்வரை அமைத்தல்

டெபியன், உபுண்டு, ராஸ்பெர்ரி பை ஓஎஸ் எல்லாவற்றிலும் ஸ்னாப்சர்வர் என்ற பேக்கேஜ் இருக்கிறது. ஆப்ட் மூலம் நிறுவுங்கள். ரவுட்டரின் அமைப்புகளுக்குள் போய், இந்தக் கணினிக்கு எப்போதும் ஒரே ஐபி முகவரி கிடைக்கும்படி டிஎச்சிபி ரிசர்வேஷன் போட்டுவிடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள். ரவுட்டர் ஒருநாள் ரீஸ்டார்ட் ஆகும்போதுதான் இதன் அருமை தெரியும்.

அமைப்பு ஃபைல் ஈடிசி ஃபோல்டரில் ஸ்னாப்சர்வர் டாட் கான்ஃப் என்ற பெயரில் இருக்கும். அதில் ஸ்ட்ரீம் என்ற பகுதியில் நான்கு விஷயங்களைப் பாருங்கள். சோர்ஸ் என்பது பாட்டு எங்கிருந்து வருகிறது என்பது. சாம்பிள்ஃபார்மேட் 48000:16:2 என்று இருக்கும், அப்படியே விடுங்கள். கோடெக், அதாவது ஒலியைச் சுருக்கும் முறை, ஃபிளாக் என்று இருக்கும், அதையும் விடுங்கள். சுருக்காமல் அனுப்பினால் ஒரு அறைக்கு வினாடிக்கு 1536 கிலோபிட் ஆகும். ஃபிளாக் தரத்தைத் துளியும் குறைக்காமல் அதைக் கணிசமாகச் சுருக்கிவிடும். பஃபர் 1000 என்று இருக்கும், இப்போதைக்குத் தொட வேண்டாம்.

சோர்ஸ் வரியில் முதலில் இருப்பது ஒரு பைப். பார்க்க ஃபைல் மாதிரி இருக்கும், ஆனால் எதையும் சேமிக்காது. ஒரு பக்கம் எழுதினால் மறுபக்கம் ஸ்னாப்சர்வர் படித்துக்கொள்ளும். வழக்கமாக இது டிஎம்பி ஃபோல்டரில் ஸ்னாப்ஃபைஃபோ என்ற பெயரில் இருக்கும்.

இங்கே பலரையும் தடுமாற வைக்கும் ஒரு சங்கதி உண்டு. டிஎம்பி எல்லோரும் எழுதக்கூடிய பொது ஃபோல்டர். அப்படிப்பட்ட இடத்தில் ஒரு யூசர் உருவாக்கிய பைப்பில் இன்னொரு யூசர் எழுதப் போனால் தடுக்கும் பாதுகாப்பு ஏற்பாடு லினக்ஸ் கெர்னல் 4.19-இல் வந்தது. ஸ்னாப்சர்வர் ஒரு யூசராகவும் பாட்டு ஓட்டும் மென்பொருள் வேறொரு யூசராகவும் இயங்குவதால், எல்லா அமைப்பும் சரியாக இருந்தும் சத்தமே வராது. மென்பொருளின் பதிவேட்டை (லாக்) திறந்து பார்த்தால் அனுமதி மறுக்கப்பட்டது என்று ஒரு வரி இருக்கும். பாதுகாப்பை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகள் கண்ணில் படலாம், அது வேண்டாம். டிஎம்பிக்கு வெளியே, இரண்டு யூசர்களும் எட்டக்கூடிய ஒரு தனி ஃபோல்டரை உருவாக்கி, பைப்பை அங்கே மாற்றிவிடுங்கள். இரண்டு மென்பொருளின் அமைப்பிலும் அதே பாதையைக் கொடுங்கள். முடிந்தது.

பாட்டை உள்ளே அனுப்புதல்

உங்கள் சொந்தப் பாட்டுத் தொகுப்பு ஹார்ட் டிஸ்கில் இருக்கிறது என்றால் எம்பிடி, அதாவது மியூசிக் பிளேயர் டீமன், நல்ல துணை. அதையும் சர்வரிலேயே நிறுவுங்கள். அதன் அமைப்பு ஃபைலில் ஆடியோ அவுட்புட் பகுதியில் வகை ஃபைஃபோ என்றும், பாதையாக மேலே சொன்ன பைப்பையும், ஃபார்மேட்டாக 48000:16:2 என்றும் எழுதுங்கள்.

அந்த ஃபார்மேட் வரியை விட்டுவிடாதீர்கள். சிடியிலிருந்து எடுத்த பாட்டுகள் 44,100 சாம்பிளில் இருக்கும். எம்பிடி அவற்றை மாற்றாமல் அப்படியே பைப்பில் ஊற்றினால், ஸ்னாப்சர்வர் அதை 48,000 என்று நினைத்து ஓட்டும். பாட்டு ஏறக்குறைய 9 சதவீதம் வேகமாக ஓடும், சுருதி ஏறிப் பாடகர் குரல் கீச்சென்று மாறும். எப்போதாவது அப்படிக் கேட்டால் வேறெங்கும் தேடாமல் நேராக இந்த வரிக்கு வாருங்கள்.

போனிலிருந்து எம்பிடியை இயக்க நிறைய ஆப்கள் உண்டு. சர்வரின் முகவரியும் போர்ட் 6600-ம் கொடுத்தால் போதும். எம்பிடி வெளியிலிருந்து வரும் இணைப்பை ஏற்கும்படி அதன் ஃபைலில் முகவரி வரியைத் திருத்தியிருக்க வேண்டும்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு, சர்வரில் ஷேர்போர்ட்-சிங்க் நிறுவி, ஸ்னாப்சர்வரில் ஏர்பிளே வகை சோர்ஸ் ஒன்று சேர்த்தால், போனின் ஏர்பிளே பட்டியலில் உங்கள் வீடே ஒரு ஸ்பீக்கராகத் தெரியும். ஸ்பாட்டிஃபைக்கு லிப்ரெஸ்பாட், பிரீமியம் கணக்கு அவசியம். ஒவ்வொன்றும் தனித்தனி ஸ்ட்ரீம் என்பதால், ஹாலில் ஒன்றும் படுக்கையறையில் வேறொன்றும் ஓட்டலாம்.

அறைகளில் கிளையண்ட்

ராஸ்பெர்ரி பை இமேஜர் மூலம் மெமரி கார்டில் ராஸ்பெர்ரி பை ஓஎஸ்-இன் லைட் பதிப்பை எழுதுங்கள். டெஸ்க்டாப் உள்ள பதிப்பு வேண்டாம். அதில் இருக்கும் பைப்வயர் போன்ற ஒலி மென்பொருள்கள் சவுண்ட் கார்டைத் தங்கள் பிடியில் வைத்துக்கொண்டால், கிளையண்டுக்குக் கார்டு கிடைக்காது. எழுதும்போதே வைஃபை விவரம், எஸ்எஸ்எச் (வேறொரு கணினியிலிருந்து உள்ளே நுழையும் வழி), கணினியின் பெயர் எல்லாவற்றையும் இமேஜரில் கொடுத்துவிடலாம். பெயரை அறையின் பெயராகவே வையுங்கள்.

பை எழுந்ததும் உள்ளே போய் ஸ்னாப்கிளையண்ட் பேக்கேஜை நிறுவுங்கள். பெரும்பாலும் அதுவே சர்வரைக் கண்டுபிடித்துவிடும். கண்டுபிடிக்காவிட்டால் ஈடிசி, டிஃபால்ட் ஃபோல்டரில் உள்ள ஸ்னாப்கிளையண்ட் ஃபைலில் சர்வரின் முகவரியை எழுதுங்கள். எழுதிவிடுவதே நல்லது என்பேன். தானாகத் தேடுவது மல்டிகாஸ்டை நம்பியிருக்கிறது, சில ரவுட்டர்கள் அதைச் சரியாகக் கடத்துவதில்லை.

அப்புறம் சவுண்ட் கார்டு. கிளையண்டிடம் பட்டியல் கேட்டால் எச்டிஎம்ஐ, ஜாக், யுஎஸ்பி என்று வரிசையாகச் சொல்லும். அவற்றுக்கு எண்ணும் உண்டு, பெயரும் உண்டு. பெயரையே எழுதுங்கள். எண்கள் அடுத்த ரீஸ்டார்ட்டில் இடம் மாறக்கூடும், அப்போது உங்கள் பாட்டு யாரும் பார்க்காத எச்டிஎம்ஐ துளைக்குள் போய்க்கொண்டிருக்கும்.

டெர்மினலில் ஓடும் ஆல்சாமிக்சர் என்ற ஒலிக் கட்டுப்பாட்டில் கார்டின் ஒலி அளவை ஒருமுறை உயர்த்திச் சேமித்துவிடுங்கள். ஸ்பீக்கரின் திருகை, வழக்கமாகக் கேட்கும் சத்தத்தைவிடச் சற்றுக் கூடுதலாக வைத்து அப்படியே விட்டுவிடுங்கள். அதன்பின் எல்லா ஒலிக் கட்டுப்பாடும் ஸ்னாப்காஸ்டிலிருந்துதான். பிரவுசரில் சர்வரின் முகவரியோடு போர்ட் 1780 கொடுத்தால் ஸ்னாப்வெப் பக்கம் திறக்கும். எல்லா அறைகளும் அங்கே வரிசையாகத் தெரியும். எந்த அறைகள் ஒரு குழு, எந்தக் குழுவுக்கு எந்த ஸ்ட்ரீம் என்று அங்கேயே மாற்றலாம். சில பேக்கேஜ்களில் ஸ்னாப்வெப் சேர்ந்து வராது. அப்போது ஆண்ட்ராய்டுக்கான ஸ்னாப்காஸ்ட் ஆப் கைகொடுக்கும்.

ஒரு எச்சரிக்கை: முதலில் நிறுவும்போது இதற்குக் கடவுச்சொல் எதுவும் கிடையாது. வீட்டு நெட்வொர்க்குக்குள் அது பரவாயில்லை. 1704, 1705, 1780 இந்த மூன்று போர்ட்டுகளையும் ரவுட்டரில் வெளியுலகத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

வைஃபையைச் சரிப்படுத்துதல்

பாட்டு விட்டுவிட்டு வந்தால் பலரும் இணைய வேகத்தைக் குறை சொல்வார்கள். ஐந்து அறைகளுக்குச் சேர்த்தே வினாடிக்கு 8 மெகாபிட்டுக்குள்தான் ஆகும், அதுவும் வீட்டுக்குள்ளேயே சுற்றுவது. வேகம் இங்கே பிரச்சினையே இல்லை. இடைவெளிதான் பிரச்சினை.

முதல் சந்தேகம் மின்சேமிப்பின் மேல். பையில் உள்ள வைஃபை, வேலை இல்லாத நேரத்தில் கண்ணயர்ந்துகொள்ளும்படிதான் அமைக்கப்பட்டிருக்கிறது. வேறொரு கணினியிலிருந்து அதற்குத் தொடர்ந்து பிங் கொடுத்துப் பாருங்கள், பதில் வர எத்தனை மில்லிவினாடி ஆகிறது என்று அது காட்டும். 4, 5, 4, 180, 6, 95 என்று எண்கள் தாவினால் தூங்கி எழுகிறது என்று அர்த்தம். 2023-இல் வந்த புக்வார்ம் பதிப்பு முதல் ராஸ்பெர்ரி பை ஓஎஸ் நெட்வொர்க்மேனேஜரைப் பயன்படுத்துகிறது. அதன் இணைப்பு அமைப்பில் வைஃபை பவர்சேவ் என்பதற்கு 2 என்று கொடுத்தால் மின்சேமிப்பு நிரந்தரமாக அணையும். 3 என்றால் இயங்கும், மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். பிறகு மறுபடி பிங் கொடுங்கள். எண்கள் ஒரே சீராக வருவதைப் பார்ப்பதே ஒரு நிம்மதி.

அடுத்தது அலைவரிசை. ஜீரோ 2 டபிள்யூ 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் அக்கம்பக்கத்து ரவுட்டர்களும் அதே இடத்தில்தான் கூடுகின்றன. ரவுட்டரில் சானலை 1, 6, 11 இந்த மூன்றில் கூட்டம் குறைவான ஒன்றாக நிலைநிறுத்துங்கள். சமையலறைக் கிளையண்ட் மட்டும் அடுப்பு ஓடும்போது திக்கினால், அதற்கு 5 கிகாஹெர்ட்ஸ் பிடிக்கும் பை 4 மாதிரி ஒன்றை வையுங்கள், அல்லது கேபிள் இழுங்கள். கேபிளுக்கு வாய்ப்பிருக்கும் எந்த அறையிலும் நான் கேபிளைத்தான் சிபாரிசு செய்வேன்.

விருந்தினர் வைஃபையில் கிளையண்டை இணைக்க வேண்டாம். அதில் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி தடுத்திருப்பார்கள்.

இதையெல்லாம் செய்தும் எப்போதாவது திக்கினால் மட்டும் பஃபரை 1500 ஆக்குங்கள். முதலிலேயே அதைக் கூட்டினால் உண்மையான நோய் மறைந்துகொள்ளும்.

அறைகளைக் கோத்தல்

கிளையண்டுகள் தங்களுக்குள் 0.2 மில்லிவினாடிக்குள் ஒத்துப்போகும். ஆனால் அது சவுண்ட் கார்டு வரைக்கும்தான். அதற்கப்பால் ஸ்பீக்கருக்குள்ளேயே டிஜிட்டல் செயலி இருந்தால் அது தன் பங்குக்கு 20, 40 மில்லிவினாடி தாமதிக்கலாம், அது ஸ்னாப்காஸ்டுக்குத் தெரியாது. நீங்கள்தான் அளந்து சொல்ல வேண்டும்.

மெட்ரோனோம் போல வினாடிக்கு ஒரு முறை 'டிக்' என்று அடிக்கும் ஒரு ஃபைலை ஓட்டுங்கள். இரண்டு அறைகளுக்கு நடுவே, இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நில்லுங்கள். ஒரே 'டிக்' கேட்டால் சரி. 'டிடிக்' என்று இரட்டித்தால் பிசகு இருக்கிறது. எவ்வளவு என்று தெரிய, அதே இடத்தில் போனை வைத்துப் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற ஒலித் திருத்தியில் திறந்து பெரிதாக்குங்கள். ஒவ்வொரு அடியிலும் இரண்டு முட்கள் தெரியும். முதல் முள்ளின் தொடக்கத்திலிருந்து இரண்டாவதன் தொடக்கம் வரை தேர்ந்தெடுத்தால் இடைவெளி எத்தனை மில்லிவினாடி என்று கீழே காட்டும். எது பிந்துகிறது என்று தெரியாவிட்டால் ஒரு ஸ்பீக்கரின் சத்தத்தைக் குறைத்து மறுபடி பதியுங்கள், எந்த முள் சிறுத்திருக்கிறதோ அது அந்த ஸ்பீக்கர்.

பிந்தும் கிளையண்டின் அமைப்பில் லேட்டன்சி என்ற இடத்தில் அந்த எண்ணை எழுதுங்கள். 38 என்றால் 38. இனி அந்தக் கிளையண்ட் அவ்வளவு முன்கூட்டியே ஒலிக்கத் தொடங்கும். இன்னொரு முறை பதிந்து பாருங்கள், இரண்டு முட்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்திருக்கும்.

டிவியை மட்டும் இந்த ஏற்பாட்டில் சேர்க்காதீர்கள். ஒரு வினாடி பஃபரில் வாயசைவுக்கும் குரலுக்கும் சம்பந்தமே இருக்காது. பஃபரைக் குறைத்துச் சரிசெய்யப் பார்த்தால் வைஃபை அறைகள் திக்கத் தொடங்கும்.

இரைச்சல் வந்தால்

விடாமல் 'ம்ம்ம்' என்று ஒரு ஓசை கேட்டால் அது பெரும்பாலும் கிரவுண்ட் லூப், அதாவது இரண்டு கருவிகளின் எர்த் இணைப்புகள் வழியே சுற்றும் மின்னோட்டம். பைக்கும் ஆம்ப்ளிஃபையருக்கும் ஒரே பிளக் பலகையிலிருந்து மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். போகவில்லை என்றால் ஆடியோ வயரில் ஒரு ஐசலேட்டர் செருகுங்கள். நெட்வொர்க் வேலை செய்யும்போது மட்டும் கரகரத்தால் பவர் அடாப்டரை மாற்றுங்கள். மின்னழுத்தம் போதாவிட்டால் பை தன் பதிவேட்டிலேயே அதை எழுதிவைக்கும்.

அடுத்த அறைக்கு

ஒரு அறை சரியாக ஓடத் தொடங்கியதும், அந்த மெமரி கார்டின் முழுப் பிரதியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புதிய அறைக்கு அந்தப் பிரதியையே இன்னொரு கார்டில் எழுதலாம். எஸ்எஸ்எச் சாவிகளைப் புதிதாக உருவாக்கிக்கொண்டு, கணினியின் பெயரையும், சவுண்ட் கார்டு வேறென்றால் அந்த வரியையும் மாற்றினால் போதும். ஸ்னாப்கிளையண்ட் தன்னை நெட்வொர்க் கார்டின் மேக் முகவரியை வைத்து அடையாளம் சொல்லிக்கொள்வதால், பழைய அறையோடு குழப்பிக்கொள்ளாமல் ஸ்னாப்வெப் பட்டியலில் தனி வரியாக வந்து நிற்கும். லேட்டன்சி எண் சர்வரில்தான் இருக்கிறது, பிரதியோடு வராது. அதைப் புதிய ஸ்பீக்கருக்குத் தனியாக அளந்துகொள்ளுங்கள்.